நேற்று இரவுச் சாதம்

எண்டோஸ்கோப்பி அறையில் அவ்வப்போது நடப்பதுதான். வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டதோடு சரி, அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. காலை ஒன்பது மணிக்குக் குழாய் உள்ளே இறங்குகிறது. இளஞ்சிவப்புச் சுவர்களும் கொஞ்சம் தெளிந்த நீரும் மட்டுமே தெரிய வேண்டிய இரைப்பையில் சோற்றுப் பருக்கைகள் கிடக்கின்றன. ஓரமாக ஒரு கறிவேப்பிலை, நரம்பு தெரிய, முழுசாக.

வெளியே உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் நர்ஸ் வந்து கேட்கிறார்.

"காலைல ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

"சத்தியமா இல்ல சிஸ்டர். நேத்து ராத்திரி ரசம் சாதம் சாப்பிட்டதுதான்."

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. 13 மணி நேரத்துக்கு முன் விழுங்கிய சாதம் இன்னும் வயிற்றைவிட்டு நகரவில்லை, அவ்வளவுதான். காரணம் அவருடைய கோப்பின் முதல் வரியிலேயே இருக்கிறது: சர்க்கரை நோய், 18 ஆண்டுகளாக.

சர்க்கரை நோய் என்றால் கண்ணைப் பார், சிறுநீரகத்தைப் பார், காலைப் பார் என்பது இன்று பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கும் தெரியும். வயிற்றைப் பார் என்று யாரும் சொல்வதில்லை. வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதைப் பற்றித்தான் ஓயாத பேச்சு. போன பிறகு அது எந்த வேகத்தில் நகர்கிறது என்பது பேச்சிலேயே வருவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடந்த ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் என்று கணக்குச் சொன்னது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காடு. இத்தனை பேரிடமும் ஒவ்வொரு முறையும் "சாப்பிடும் முன் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு" என்று கேட்கிறோம். அந்த "முன்"னுக்கும் "பின்"னுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பது இரைப்பை.

1958இல் அமெரிக்க மருத்துவர் பால் கசாண்டர் ஒரு கட்டுரை எழுதினார். பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தபோது, சில சர்க்கரை நோயாளிகளின் இரைப்பை காலியாகவே மறுத்ததை அவர் கண்டார். வழியில் அடைப்பு இல்லை, புண் இல்லை, கட்டி இல்லை. வாசல் திறந்துதான் இருந்தது. தள்ளத்தான் ஆள் இல்லை. அதற்கு அவர் 'காஸ்ட்ரோபரேசிஸ் டயாபெட்டிகோரம்' என்று பெயர் வைத்தார். பரேசிஸ் என்பது முழு வாதம் அல்ல. கை அசையும், ஆனால் பிடிமானம் இருக்காது என்பார்களே, அந்த நிலை. கசாண்டரின் தலைப்பிலேயே இன்னொரு சொல்லும் இருந்தது: அறிகுறியற்ற. அவர் பார்த்தவர்கள் வயிற்றைப் பற்றிப் பெரிதாகப் புகார் சொன்னவர்கள் அல்லர். இந்தக் கோளாறு கண்ணில் படாமல் போவதற்கு இந்த ஊமைத்தனமே பாதிக் காரணம்.

இரைப்பையைப் பலரும் வெறும் பை என்றே நினைக்கிறார்கள். தமிழில் பெயரே அப்படி வாய்த்துவிட்டது. பை சும்மா இருக்கும், இரைப்பை சும்மா இருக்காது. அதன் மேல்பாதி சாப்பாடு வரும்போது தளர்ந்து இடம் கொடுக்கிறது. ஒரு கல்யாணப் பந்தியே உள்ளே போனாலும் அழுத்தம் ஏறாமல் விரிந்துகொடுக்கும். கீழ்ப்பாதிதான் அரைக்கும் பாதி. நிமிடத்துக்கு 3 முறை, அதாவது 20 விநாடிக்கு ஒரு முறை, நடுவயிற்றிலிருந்து கீழ்நோக்கி ஒரு சுருக்க அலை புறப்படுகிறது. அது உணவை பைலோரஸ் என்ற வாசலை நோக்கித் தள்ளுகிறது. வாசல் முழுதாகத் திறப்பதில்லை. ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நொறுங்கியவை மட்டும் சிறுகுடலுக்குள் போகலாம். மற்றவை மோதித் திரும்பி வரும். அடுத்த அலை மறுபடி தள்ளும், மறுபடி திரும்பும். ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டியவர்களுக்கு இது உடனே புரியும். குழவியைச் சுற்றி ஓரத்துக்கு வழியும் மாவை இடது கையால் வழித்து வழித்துக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருப்பார்கள், நைசாகும்வரை.

இப்படிப் பொடியாகி வெளியேறும் உணவின் வேகத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. நல்ல உடல்நிலையில் நிமிடத்துக்கு 1 முதல் 4 கலோரி வரை. மூன்று இட்லி, சாம்பார், கொஞ்சம் சட்னி சேர்த்துச் சுமார் 250 கலோரி என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 2 கலோரி வீதம் கடைசித் துளி இரைப்பையைவிட்டு இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாயில் போட்ட இட்லி ஒரேயடியாகச் சர்க்கரையாகி இரத்தத்தில் குதிப்பதில்லை. இரைப்பை அதை ரேஷன் கடைபோல் அளந்து அளந்து விடுகிறது. சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை ஆளுக்கு ஆள் மாறுபடுகிறதல்லவா? அதில் மூன்றில் ஒரு பங்குக்கு இந்த அளந்து விடும் வேகமே காரணம் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

அந்த 20 விநாடித் தாளத்தைப் போடுவது யார்? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினைச் சேர்ந்த சாண்டியாகோ ரமோன் இ கஹால் குடல் சுவரில் ஒரு வினோதமான செல் கூட்டத்தைப் பார்த்தார். கிளைகளை நீட்டி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நரம்புக்கும் தசைக்கும் நடுவே பரவிக் கிடந்தன. ஒருவகை நரம்பு செல்கள் என்றே அவர் கருதினார். 1906இல் கமில்லோ கோல்ஜியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மேதைக்கு இந்த ஓர் இடத்தில் கணிப்பு பிசகிவிட்டது. அவை நரம்பு அல்ல, தாளம் போடுபவை என்று தெளிவாவதற்கு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ஆயிற்று. ஆனாலும் பெயர் அவருடையதே: கஹால் செல்கள். தாளத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேலிருந்து கட்டளை கொண்டுவருவது மூளைத்தண்டிலிருந்து புறப்படும் வேகஸ் நரம்பு. லத்தீனில் 'அலைபவன்' என்று பொருள். இதயம், நுரையீரல் என்று வழியெல்லாம் தலைகாட்டிவிட்டுத்தான் வயிற்றுக்கு வருகிறது. இது போதாதென்று குடல் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் கொண்ட சொந்த வலையமைப்பும் உண்டு.

சர்க்கரை நோய் கைவைப்பது இந்த மூன்றிலும். ஆண்டுக்கணக்காக ஏறிய சர்க்கரை, பாதத்தின் நரம்பை மரத்துப்போகச் செய்வதுபோலவே வேகஸின் இழைகளையும் தேய்க்கிறது. கஹால் செல்கள் எண்ணிக்கையில் குறைகின்றன. பாதிக்கப்பட்டவர்களின் இரைப்பைச் சுவரை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இது. வாசல் தளர்வதற்கு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சைகையாக அனுப்பும் நரம்புகளும் நலிகின்றன. மேல்பாதி தளராது, கீழ்ப்பாதி அரைக்காது, வாசல் சரியாகத் திறக்காது. இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது என்பார். சாப்பிட்டு நான்கு மணி நேரம் கழித்தும் ஏப்பத்தில் சாம்பார் வாசனை வரும். சில நாள் குமட்டல். சில நாள் வாந்தி, அதில் காலையில் தின்ற பீன்ஸ் அப்படியே.

எல்லாருக்கும் இப்படி ஆகிவிடுவதில்லை, பயப்பட வேண்டாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்து மக்களைத் தொடர்ந்து கவனித்ததில், பத்தாண்டுகளில் முழு அளவிலான காஸ்ட்ரோபரேசிஸ் வந்தவர்கள் முதல் வகை நோயாளிகளில் 100க்கு 5 பேர், இரண்டாம் வகையில் 100க்கு ஒருவர். ஆனால் அந்த 'முழு அளவு' என்பது அறிகுறியும் இருந்து சோதனையிலும் உறுதியானவர்களின் கணக்கு. வெறுமனே மந்தமாக ஓடிக்கொண்டிருக்கும் இரைப்பைகள் இதைவிட மிக அதிகம். அவற்றை யாரும் எண்ணுவதில்லை, ஏனென்றால் யாரும் தேடுவதில்லை.

நரம்பு கெடாதவர்களிடமும் சர்க்கரை ஒரு வேலை செய்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும் அந்த நேரத்தில் இரைப்பை தானாக நிதானிக்கும். சர்க்கரை இறங்கினால் வேகம் பிடிக்கும். இது கேடு அல்ல, உடலின் முன்ஜாக்கிரதை. ஆனால் ஏற்கெனவே மந்தமான இரைப்பை உள்ளவருக்கு இதுவே சுழலாகிவிடுகிறது. இரைப்பை மந்தமானதால் சர்க்கரை தாறுமாறாகிறது, தாறுமாறாக ஏறிய சர்க்கரை இரைப்பையை மேலும் மந்தமாக்குகிறது.

இந்த அத்தியாயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு வீட்டுக் காலையை எடுத்துக்கொள்வோம். எட்டு மணிக்கு இன்சுலின் ஊசி. எட்டேகாலுக்கு நான்கு இட்லி. ஊசி தன் கடிகாரப்படி வேலையைத் தொடங்கிவிடும், அதற்கு இட்லி எங்கே நிற்கிறது என்று தெரியாது. இட்லியோ இரைப்பையில் கிடக்கிறது. ஒன்பதரைக்கு அவருக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, கண் இருட்டுகிறது. குளுக்கோமீட்டரில் 58. "இப்பத்தானே நாலு இட்லி சாப்பிட்டார்?" என்று வீடே திகைக்கிறது. சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கிறார்கள். அதுவும் அதே இரைப்பை வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் தெளிய நேரமாகிறது. பதறிப்போய் இன்னொரு டம்ளர் கொடுக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு ஊசியின் வீரியம் தணிகிறது, இட்லி மெல்ல இறங்கத் தொடங்குகிறது, இரண்டு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. மீட்டரில் 310.

அடுத்த வாரம் டாக்டர் முன் அந்த நோட்டு விரிகிறது. 58, 310, 72, 284. டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்க்கிறார். "என்னங்க சாப்பிடுறீங்க? ஸ்வீட்டா?" பக்கத்தில் மகள், "அப்பா, உண்மையச் சொல்லுங்க. சாயங்காலம் கடைக்குப் போறப்ப ஏதாவது வாங்கித் தின்றீங்களா?" என்கிறாள். அவர் இல்லை என்கிறார். யாரும் நம்பவில்லை. வயதானவர், நாக்கு கேட்டிருக்கும் என்று ஒரு புன்சிரிப்பு. மருந்தின் அளவு கூட்டப்படுகிறது. கூட்டிய அளவு அடுத்த வாரம் 58ஐ 46 ஆக்குகிறது.

சர்க்கரை நோயாளியைத் திருடனாகப் பார்ப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். உண்மையிலேயே திருட்டுத்தனமாக மைசூர்பாகு தின்பவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்ட உடனே சர்க்கரை இறங்கி, மூன்று நான்கு மணி நேரம் கழித்து ஏறும் இந்த வரிசை, நாக்கின் வேலை அல்ல. ஊசியின் கடிகாரமும் உணவின் கடிகாரமும் பொருந்தவில்லை என்பதற்கான தடயம் அது. இத்தகையவர்களுக்கு மருத்துவர் ஊசி போடும் நேரத்தை மாற்றுவார், சிலருக்குச் சாப்பிட்ட பிறகு போடச் சொல்வார், வேறு வகை இன்சுலினுக்கு மாற்றுவார். இதை நாமாகச் செய்துபார்க்கக் கூடாது.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சோதனை இருக்கிறது. கொள்கை எளிது. முட்டையின் வெள்ளைக்கருவில் டெக்னீஷியம் என்ற கதிரியக்கத் தனிமத்தை மிகச் சிறிய அளவில் கலந்து வேகவைத்து, ரொட்டி, ஜாம், தண்ணீரோடு சாப்பிடக் கொடுப்பார்கள். பிறகு காமா கேமரா முன் நிறுத்தி 4 மணி நேரம்வரை இடைவெளி விட்டு விட்டுப் படம் எடுப்பார்கள். நான்காவது மணியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் இரைப்பையிலேயே ஒளிர்ந்துகொண்டிருந்தால் மந்தம் உறுதி. எண்டோஸ்கோப்பி முதலில் எதற்கென்றால், அடைப்பு ஏதுமில்லை என்று நிச்சயப்படுத்த.

உணவு விஷயத்தில் ஒரு முரண் இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு நாம் சொல்லும் அறிவுரை என்ன? நார்ச்சத்து சாப்பிடு. வாழைத்தண்டு, கீரைத்தண்டு, கொத்தவரங்காய், தோலோடு காய். நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி வேண்டாம், விறுவிறுவென்று சர்க்கரையை ஏற்றும். பெரும்பாலோருக்கு இது சரியான அறிவுரை. மந்த இரைப்பைக்காரருக்கு இது நேர் எதிர். நல்ல இரைப்பை, அரைபடாத நாரையும் தோலையும் கறிவேப்பிலையையும் கடைசியில் ஒரு துப்புரவு அலையால் பெருக்கித் தள்ளிவிடும். சாப்பாடு முடிந்து வயிறு காலியாக இருக்கும்போது ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வருவது அந்த அலை. வயிறு கடமுடா என்று சத்தம் போடுகிறதே, அது பெரும்பாலும் இந்தத் துடைப்பத்தின் ஓசைதான். சர்க்கரை நோயில் இந்த அலை வராமலே போகலாம். அப்போது வாழைத்தண்டின் நூலெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இரைப்பைக்குள்ளேயே பந்தாகத் திரண்டுவிடும். மருத்துவர்கள் பெசோவர் என்பார்கள். எண்டோஸ்கோப்பியில் அதை உடைத்து எடுத்த கதைகள் உண்டு.

ஸ்வீடனில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தகையவர்களுக்கு வெந்த உருளைக்கிழங்கை விரலால் நசுக்கினால் எப்படி மசியுமோ அப்படி மசியும் உணவை மட்டும் கொடுத்துப் பார்த்தது. குமட்டலும் வாந்தியும் பொருமலும் குறைந்தன. நம் பாட்டிகள் இதற்கு ஆய்வு தேவையில்லை என்று சிரிப்பார்கள். குழைந்த சாதத்தில் ரசம், இட்லி, கடைந்த பருப்பு, தோல் நீக்கி மசித்த பூசணி, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. எண்ணெய் குறைவாக, ஏனென்றால் கொழுப்பு இரைப்பையை இன்னும் மந்தமாக்கும். ஆகவே ஒரே நோய், ஒரே தெரு, பக்கத்து வீட்டுக்காரருக்கு வாழைத்தண்டு, இவருக்குக் குழைசாதம். வாட்ஸப்பில் வரும் 'சர்க்கரை நோயாளிகளுக்கான உணவுப் பட்டியல்' இந்த இடத்தில்தான் கவிழ்கிறது.

மருந்துகள் உண்டு, பிரமாதமானவை அல்ல. மெட்டோகுளோபிரமைடு நாள்பட எடுத்தால் முகமும் நாக்கும் தன்னிச்சையாக அசையும் கோளாறு வரலாம் என்பதால் 12 வாரத்துக்கு மேல் வேண்டாம் என்பது எச்சரிக்கை. டாம்பெரிடோன் இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கக்கூடும். கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்க வேண்டிய மாத்திரைகள் அல்ல இவை. வேடிக்கையான ஒன்று எரித்ரோமைசின். தொண்டை வலிக்குக் கொடுத்த அந்த ஆன்டிபயாடிக் வயிற்றை முறுக்குகிறது என்று நோயாளிகள் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த முறுக்கலையே பயன்படுத்தினால் என்ன என்று பெல்ஜியத்து மருத்துவர்கள் சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்து 1990இல் எழுதினார்கள். குடல் அலையைக் கிளப்பும் மோட்டிலின் என்ற ஹார்மோனின் பூட்டில் எரித்ரோமைசின் பொருந்திக்கொள்கிறது. ஆனால் சில வாரங்களில் பூட்டு பழகிவிடும், பலன் தேய்ந்துவிடும்.

எல்லாச் சர்க்கரை நோயாளிக்கும் இரைப்பை மந்தம் என்று எடுத்துக்கொண்டால் தவறு. இரண்டாம் வகை நோயின் தொடக்கத்தில் சிலருக்கு இரைப்பை அவசரப்பட்டு, உணவை வேண்டிய வேகத்தைவிட வேகமாக வெளியே தள்ளுகிறது. சாப்பிட்ட அரை மணியில் சர்க்கரை எகிறுகிறது. இவர்களுக்கு வேகத்தைக் குறைப்பதே வைத்தியம். இன்று ஊரெல்லாம் பேசும் எடை குறைக்கும் ஊசிகளின் கதை இங்கேதான் வருகிறது. குளுக்கோஸை நரம்பு வழியாக ஏற்றுவதைவிட வாய்வழியாகக் கொடுத்தால் கணையம் அதிக இன்சுலின் சுரக்கிறது என்பது 1964இலேயே தெரிந்திருந்தது. குடல், உணவைக் கண்டதும் கணையத்துக்கு ஆள் அனுப்புகிறது என்று அர்த்தம். அந்தத் தூதர்களில் ஒன்று ஜிஎல்பி-1. கணையத்தை உசுப்புவதோடு இரைப்பையையும் அது நிதானிக்கச் செய்கிறது. உடலில் இரண்டு மூன்று நிமிடத்தில் சிதைந்துவிடும் என்பதால் மருந்தாக உதவாது. நியூயார்க்கில் ஜான் எங் என்ற மருத்துவர் கீலா மான்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியின் நஞ்சில் அதன் சாயலில், ஆனால் எளிதில் சிதையாத ஒரு பொருளைக் கண்டு 1992இல் வெளியிட்டார். 2005இல் அமெரிக்காவில் அது எக்ஸெனடைடு என்ற மருந்தாக அனுமதி பெற்றது. இன்றைய செமாக்ளுடைடு முதலியவையும் ஜிஎல்பி-1இன் சாயலில் வந்தவையே. ஆக, நோய் மந்தமாக்கும் அதே உறுப்பை மருந்தும் மந்தமாக்குகிறது. ஏற்கெனவே காஸ்ட்ரோபரேசிஸ் உள்ளவருக்கு இந்த ஊசி ஆகாது. அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் இதைப் போட்டுக்கொண்டிருந்தால் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வயிற்றில் மிச்சமிருக்கும் உணவு மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

இரைப்பைக்குக் கீழே இறங்கினால் சொல்லக் கூச்சப்படும் பகுதி தொடங்குகிறது. மலச்சிக்கல் இருப்பதிலேயே மிகச் சாதாரணமான தொல்லை, எல்லாரும் சொல்லிவிடுவார்கள். சொல்லாதது மற்றது. நள்ளிரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு. வலி இருக்காது, இரத்தம் இருக்காது, வெறும் தண்ணீர். சில வாரம் படுத்தும், சில வாரம் காணாமல் போகும், நடுவே மலச்சிக்கல்கூட வரும். மாயோ கிளினிக்கைச் சேர்ந்த மருத்துவர்கள் 1936இலேயே இதைத் தனியொரு கோளாறாக விவரித்துவிட்டார்கள். குடலின் உள்தோல் நீரையும் உப்பையும் உறிஞ்சிக்கொள்ளத் தூண்டும் நரம்புகள் செத்துப்போனால் அந்த நீர் குடலிலேயே தங்கும். மந்தமான குடலில் தேங்கிய உணவில் பாக்டீரியாக்கள் குடியேறிப் பெருகுவதும் உண்டு. ஆசனவாய்த் தசையின் நரம்பும் நலிந்திருந்தால், கழிப்பறைக்குப் போவதற்குள் வேட்டி நனைந்துவிடும். இதனால் கல்யாணத்துக்குப் போவதை விட்டவர்கள், பஸ் பயணத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள். காரணத்தை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. 'கால் வலி' என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

ஆனால் வயிறு போகிறது என்றதும் நரம்பைக் குற்றம் சொல்வதற்கு முன் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின், ஐரோப்பியக் காட்டுச்செடி ஒன்றின் மூலப்பொருளை அடியொற்றிப் பிறந்து, 1957இல் பிரான்ஸின் ஜான் ஸ்டெர்ன் கையால் மனிதருக்கான மருந்தாகி, இன்று உலகமே விழுங்கும் மாத்திரை. எடுத்துக்கொள்பவர்களில் நான்கில் ஒருவர் வரை வயிற்றோட்டம், குமட்டல் என்று சிரமப்படலாம். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினாலோ, அளவைப் படிப்படியாகக் கூட்டினாலோ பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்குக் குடல் வழியாக பி12 சேர்வதும் குறையும். பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகும். அதைச் சர்க்கரையால் வந்த மரப்பு என்று நினைத்து விட்டுவிட்டால் நஷ்டம் நமக்கு. ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய விஷயம்.

வோக்ளிபோஸ், அகார்போஸ் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு வயிறு ஊதுவதும் காற்றுப் பிரிவதும் இருக்கும். மாவுச்சத்தை வெட்டும் நொதியை அவை தடுத்துவிடுவதால், வெட்டுப்படாத மாவு பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு விருந்தாகிறது. நாற்றத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. இவற்றோடு இன்சுலினோ சல்ஃபோனில்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துவிட்டால், வீட்டுச் சர்க்கரையோ மிட்டாயோ கொடுத்தால் சரியாக ஏறாது. அதை உடைக்கும் நொதியும் அடைபட்டுக் கிடக்கிறது. மருந்துக் கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடிதான் கைகொடுக்கும். வீட்டில் ஒரு பாக்கெட் இருக்கட்டும்.

கல்லீரலில் கொழுப்பு படிவதைப் பற்றி இந்த நூலில் தனியாக எழுத வேண்டும் என்பதால் இங்கே ஒரு வரி: இரண்டாம் வகை நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் அது இருக்கிறது, வலிக்காது. கணையத்தில் மட்டும் கதை தலைகீழாகவும் நடக்கும். செரிமான உறுப்பு கெட்டு, அதனால் சர்க்கரை நோய் வருவது. 1959இல் சூய்டெமா என்பவர் இந்தோனேசியாவில் கணையக் கல்லோடு சர்க்கரை நோய் வந்த ஏழை நோயாளிகளைப் பற்றி எழுதினார். கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் இத்தகையவர்களை ஏராளமாகக் கண்டு பதிவுசெய்தார். சிறு வயதில் அடிக்கடி வயிற்று வலி, இளமையில் சர்க்கரை, எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் இருபுறமும் சிதறிய கற்கள். மரவள்ளிக்கிழங்கின் மேல் வெகுகாலம் பழி போட்டார்கள், அது நிற்கவில்லை. மரபணுவின் பங்கு பிறகு தெரியவந்தது. இவர்களுக்கு இன்சுலினோடு செரிமான நொதி மாத்திரையும் தேவைப்படலாம், இல்லையென்றால் தின்ற கொழுப்பு செரிக்காமல் மலத்தில் எண்ணெயாக மிதக்கும்.

இன்னொரு வயிற்று வலி அவசரமானது. சர்க்கரை இருப்பதே தெரியாத பள்ளிச் சிறுவன் வயிற்று வலி, வாந்தி என்று துடிப்பான். அப்பெண்டிக்ஸ் என்று நினைத்து அறுவை சிகிச்சை மருத்துவரிடம் கொண்டுபோவார்கள். மூச்சு வேகமாக வாங்கும், வாயில் பழவாசனை அடிக்கும். இன்சுலின் இல்லாததால் இரத்தம் அமிலமாகிவிட்ட நிலை அது. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வாந்தியோடு வரும் எந்தக் குழந்தைக்கும் அந்த ஒரு சொட்டைப் பார்க்க மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டாக்டரிடம் போகும்போது சர்க்கரை எண்களை எழுதிய அதே நோட்டில், எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை மணிக்குத் தாழ்ந்தது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். இரவில் எழுந்து ஓட வேண்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார், கேட்க அவருக்கு நேரமில்லை. வீட்டில் இருப்பவர்கள், அப்பா கடையில் ஒளிந்து ஜிலேபி தின்றார் என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன், ராத்திரி அவருக்கு வரும் ஏப்பத்தில் மத்தியானச் சாம்பார் மணக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.